அறிவியல் கட்டுரையை வாசிக்கும் வகுப்பு: ஒரு மதிப்பீடு

அறிவியல் ஆய்வுக்கட்டுரைகளை வாசிக்கவும் அவற்றைப் பற்றி எழுதவும் பயிற்சி அளிக்கும் கருத்தரங்க வகுப்பு (செமினார்), அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்பில் நிலைபெற்ற ஒன்று. பாடநூலில் முடிந்துபோன உண்மையாகப் படித்த ஒன்றை, அது முதன்முதலில் வாதமாக முன்வைக்கப்பட்ட வடிவில் மாணவர் சந்திக்கும் இடம் இது. ஒரு சிறு குழு, ஒரு மேசை, எல்லோர் கையிலும் ஒரே கட்டுரை. ஆசிரியர் விரிவுரை ஆற்றுவதில்லை. மாணவர்கள் வாசித்து வந்து விவாதிக்கிறார்கள், பின்னர் எழுதுகிறார்கள்.

இவ்வகுப்பு கட்டுரையின் அமைப்பையும் வாதத்தையும் வாசிக்கக் கற்பிப்பதில் வெற்றி பெற்றது. ஆனால் ஒரு கட்டுரை யாரிடமிருந்து எதைப் பெற்றது, அதை எந்தச் சொற்களில் ஒப்புக்கொண்டது என்று வாசிப்பது அதன் மையப் பயிற்சியாக அமையவில்லை. இத்தகைய வகுப்புகளில் பெரிதும் எடுத்தாளப்படும் கட்டுரைகளுள் ஒன்றான, டி.என்.ஏ.வின் அமைப்பு பற்றிய 1953-ஆம் ஆண்டுக் கட்டுரையைக் கொண்டே இக்குறையைக் காட்ட முடியும்.

பின்னணி

அறிவியலில் கருத்தரங்க வகுப்பின் தொடக்கங்களில் ஒன்று ஜெர்மனியில் உள்ளது. 1834-இல் கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் ஃபிரான்ஸ் நாய்மனும் கார்ல் யாக்கோபியும் கணிதத்திற்கும் இயற்பியலுக்குமான கருத்தரங்கை நிறுவினர். மொழியியல் மாணவர்கள் பழம்பிரதிகளை வரிவரியாக ஆராய்ந்த முறை அதற்கு முன்மாதிரியாக இருந்தது. மூலநூல் வாசிப்பு இலக்கியத்திலிருந்து அறிவியலுக்கு வந்தது என்பது இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது.

வாசிக்கப்படும் பொருளும் காலந்தோறும் மாறியது. ஹென்றி ஓல்டன்பர்க் 1665-இல் லண்டனில் தொடங்கிய ‘ஃபிலசாஃபிக்கல் டிரான்சாக்‌ஷன்ஸ்’ இதழின் தொடக்ககாலப் பதிவுகளில் பல, கடிதங்களாகவே இருந்தன. “நான் கண்டேன்” என்று ஒருவர் மற்றொருவருக்கு எழுதும் தொனி அவற்றில் உண்டு. முன்னுரை, செய்முறை, முடிவுகள், விவாதம் என்ற நான்கு பகுதிக் கட்டமைப்பு 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் பொதுவழக்காயிற்று. “நான் கரைசலைச் சூடாக்கினேன்” என்பது “கரைசல் சூடாக்கப்பட்டது” என்றானது. செய்தவர் வாக்கியத்திலிருந்து விலகினார். இன்றைய மாணவர் கட்டுரையின் இயல்பான வடிவம் என்று நம்புவது, உண்மையில் அவருடைய தாத்தா காலத்தில் உறுதிப்பட்ட வழக்கம்தான்.

இரு வாசிப்பு முறைகள்

இவ்வகுப்புகள் இரண்டு துறைகளிலிருந்து, இரண்டு நோக்கங்களுடன் வளர்ந்தன.

முதலாவது அறிவியல் துறையினுடையது. நியூயார்க் சிட்டி கல்லூரியில் சாலி ஹாஸ்கின்ஸ் உருவாக்கி, தம் சக ஆய்வாளர்களுடன் 2007-இல் ‘ஜெனடிக்ஸ்’ ஆய்விதழில் விளக்கிய ‘கிரியேட்’ முறை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஒரே ஆய்வகம் தொடர்ச்சியாக வெளியிட்ட நான்கு கட்டுரைகளை மாணவர்கள் வரிசையாக வாசிப்பார்கள். கட்டுரை முழுதாக அல்லாமல் பகுதி பகுதியாகத் தரப்படும். சோதனை எப்படி நடந்திருக்கும் என்று படம் வரைவார்கள். தரவிலிருந்து தாமே முடிவுக்கு வர முயல்வார்கள். அடுத்த சோதனை எதுவாக இருக்க வேண்டும் என்று திட்டமிட்டு, அடுத்த கட்டுரையைத் திறந்து ஆய்வகம் உண்மையில் என்ன செய்தது என்று ஒப்பிடுவார்கள். பருவத்தின் இறுதியில் கட்டுரையாசிரியர்களுக்கே கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்புவார்கள்.

இரண்டாவது மொழி, அணியியல் துறைகளினுடையது. சார்லஸ் பேசர்மன் 1981-இல் வெளியிட்ட ஆய்வில் வாட்சன்–கிரிக் கட்டுரையை ஒரு சமூகவியல் கட்டுரையுடனும் ஓர் இலக்கிய விமர்சனக் கட்டுரையுடனும் அருகருகே வைத்து, அறிவு எப்படிச் சொற்களில் கட்டப்படுகிறது என்று ஆராய்ந்தார். மைக்கேல் ஹாலரன் 1984-இல் அதே கட்டுரையை ஆஸ்வால்ட் ஏவரி, காலின் மெக்லியாட், மெக்லின் மெக்கார்ட்டி ஆகியோரின் 1944-ஆம் ஆண்டுக் கட்டுரையுடன் ஒப்பிட்டார். மரபுப் பண்பைக் கடத்தும் பொருள் டி.என்.ஏ. என்று சோதனையில் காட்டியது ஏவரி குழுவின் கட்டுரை. இருபது பக்கங்களுக்கு மேல் நீளும் அது ஒவ்வோர் அடியையும் தயங்கித் தயங்கியே வைக்கிறது. ஏவரி 1943 மே மாதம் தம் சகோதரர் ராய்க்கு எழுதிய கடிதத்திலோ, அந்தப் பொருள் மரபணுவாக இருக்கலாம் என்று துணிந்து எழுதினார். ஒரே மனிதர் கடிதத்தில் ஒரு குரலிலும் கட்டுரையில் வேறொரு குரலிலும் பேசியிருக்கிறார்.

முதல் முறை தரவை வாசிக்கிறது, இரண்டாம் முறை குரலை வாசிக்கிறது. ஒன்றில் தேர்ந்த மாணவர் வரைபடத்தின் பிழையைக் கண்டுபிடிப்பார். மற்றதில் தேர்ந்தவர் ஒரு வாக்கியத்தின் தந்திரத்தைக் கண்டுபிடிப்பார். தரவுக்கும் குரலுக்கும் இடையே உள்ள கேள்வி, ‘இந்தத் தரவு யாருடையது?’ என்பது. அது இரு முறைகளின் விளிம்பிலேயே நின்றுவிடுகிறது.

மெடவாரின் கேள்வி

இரு தரப்பு வகுப்புகளுக்கும் பொருந்தும் பொதுவான பாடம் ஒன்று உண்டு. நோயெதிர்ப்பியல் ஆய்வுக்காக 1960-இல் நோபல் பரிசு பெற்ற பீட்டர் மெடவார், 1963-இல் பிபிசி வானொலியில் ஓர் உரை ஆற்றினார். அறிவியல் கட்டுரை ஒரு மோசடியா என்பது அதன் தலைப்பு. கட்டுரைகள் பொய்த் தரவைத் தருகின்றன என்று அவர் சொல்லவில்லை. எண்ணம் பிறந்த வழியை அவை தவறாகக் காட்டுகின்றன என்பதே அவர் குற்றச்சாட்டு. வெற்று மனதுடன் தரவுகளைத் திரட்டி, கடைசியில் அவற்றிலிருந்து முடிவு தானாக எழுந்ததுபோல் கட்டுரை நடிக்கிறது. உண்மையில் ஆய்வாளர் முதலில் ஓர் ஊகத்தைக் கொண்டிருக்கிறார், அதைச் சோதிக்கவே தரவைத் தேடுகிறார். ஆகவே இறுதியில் வரும் விவாதப் பகுதி தொடக்கத்திலேயே வரவேண்டும் என்றார் மெடவார்.

இளநிலை மாணவருக்கு இந்த உரை ஒரு விடுதலை. தமக்கு விளங்காதது தம் அறிவுக்குறையால் மட்டுமல்ல, கட்டுரை தன் வழித்தடத்தை மறைப்பதாலும்தான் என்று அவர் முதன்முறையாக அறிகிறார். ஆனால் மெடவாரின் அளவுகோல் வரிசை பற்றியது. எது முன், எது பின் என்று மட்டுமே அது கேட்கிறது. வரிசை நேர்மையாக இருந்தால் கட்டுரையும் நேர்மையானதாகிவிடுமா என்பதை 1953-ஆம் ஆண்டுக் கட்டுரை சோதிக்கிறது.

ஒரு பக்கக் கட்டுரை

ஜேம்ஸ் வாட்சனும் ஃபிரான்சிஸ் கிரிக்கும் எழுதிய கட்டுரை 1953 ஏப்ரல் 25 நாளிட்ட ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. ஒரு பக்கத்தைச் சற்றே தாண்டும் நீளம். ஆறு மேற்கோள்கள். கிரிக்கின் மனைவி ஓடில் வரைந்த ஒரு படம். முன்னுரை, செய்முறை என்ற பிரிவுகள் எதுவும் இல்லை. ஓர் அமைப்பை முன்மொழிய விரும்புகிறோம் என்று முதல் வாக்கியத்திலேயே கருதுகோள் வைக்கப்படுகிறது. “நாம்” என்று தன்மையிலேயே ஆசிரியர்கள் பேசுகிறார்கள். மெடவார் பத்து ஆண்டுகள் கழித்துக் கேட்கப்போகும் வடிவம் ஏறத்தாழ இதுதான்.

கட்டுரை முதலில் லைனஸ் பாலிங்கும் ராபர்ட் கோரியும் முன்மொழிந்த மூன்று இழை அமைப்பை மறுக்கிறது. பாஸ்பேட்டுகள் நடு அச்சை ஒட்டியும் காரங்கள் வெளிப்புறத்திலும் இருக்கும் அமைப்பு அது. எதிர்மின்னேற்றம் கொண்ட பாஸ்பேட்டுகள் ஒன்றையொன்று விலக்கும் நிலையில் எது அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் என்பது மறுப்பின் சாரம். பின்னர் பாஸ்பேட்டுகள் வெளியிலும் காரங்கள் உள்ளேயும் அமைந்த இரட்டைச் சுருள் விவரிக்கப்படுகிறது. அடினினுடன் தைமினும், குவானினுடன் சைட்டோசினும் ஹைட்ரஜன் பிணைப்பால் இணைகின்றன. இந்த இணைவு மரபுப்பொருள் படியெடுக்கப்படும் வழியைக் குறிப்புணர்த்துவது தங்கள் கவனத்திற்கு வராமலில்லை என்ற புகழ்பெற்ற வாக்கியம் இறுதியில் வருகிறது. அது ஓர் உடன்பாட்டு வாக்கியம் என்று கிரிக் பின்னாளில் விளக்கினார். மரபியல் விளைவுகளை விரிவாக எழுத அவர் விரும்பினார், அமைப்பே தவறாகிவிடுமோ என்று வாட்சன் அஞ்சினார். முன்னுரிமையை உறுதிசெய்துகொள்ள அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது.

வகுப்புகள் பெரும்பாலும் இந்த வாக்கியத்திலேயே மகிழ்ந்து நின்றுவிடுகின்றன. அது மகிழத்தக்கதுதான். ஆனால் கட்டுரையில் அதைவிடக் கவனத்துடன் வாசிக்கவேண்டிய வாக்கியங்கள் அதற்குப் பக்கத்திலேயே உள்ளன.

சொல்லாமல் விட்டவை

முதல் விடுபடல் தங்கள் பிழை பற்றியது. பாலிங்கின் அமைப்பில் காட்டிய அதே குறையுள்ள ஓர் அமைப்பை வாட்சனும் கிரிக்கும் 1951 இறுதியில் தாங்களே உருவாக்கியிருந்தனர். மூன்று இழைகள், உள்ளே பாஸ்பேட்டுகள். லண்டன் கிங்ஸ் கல்லூரியிலிருந்து அதைப் பார்க்க வந்த ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் அது சாத்தியமற்றது என்று காட்டினார். ஆய்வகத் தலைவர் லாரன்ஸ் பிராக் அவர்கள் இருவரையும் டி.என்.ஏ. பணியிலிருந்து விலகியிருக்கச் சொன்னார். 1953-ஆம் ஆண்டுக் கட்டுரையில் பாலிங்கின் பிழை இருக்கிறது, தங்கள் பிழை இல்லை.

இரண்டாவது, காரங்களின் வடிவம். அவை கீட்டோ வடிவில் இருப்பதாகக் கொண்டால் இணைவு பொருந்தும் என்று கட்டுரை சுருக்கமாகச் சொல்கிறது. வாட்சன் அதுவரை பாடநூல்களில் இருந்த ஈனால் வடிவத்தை நம்பியே வேலை செய்துகொண்டிருந்தார். அது தவறு என்று சொன்னவர் அதே அறையில் பணியாற்றிய வேதியியலர் ஜெர்ரி டோனஹ்யூ. கட்டுரையின் நன்றியுரையில் அவர் பெயர் இருக்கிறது, ஆனால் அணுக்களுக்கு இடையிலான தொலைவு பற்றிய ஆலோசனைக்காக முதன்மையாக நன்றி சொல்லப்படுகிறது. திருத்தம் கிடைத்தது என்பது சொல்லப்படவில்லை.

மூன்றாவதே எல்லாவற்றிலும் பெரியது. தங்கள் அமைப்பு வெளியிடப்பட்ட தரவுகளையே பெரும்பாலும் சார்ந்தது, முழுவதுமாக அல்ல என்று கட்டுரை கூறுகிறது. கிங்ஸ் கல்லூரியின் முடிவுகளின் விவரங்களை, அமைப்பை உருவாக்கியபோது தாங்கள் அறிந்திருக்கவில்லை என்றும் கூறுகிறது. நன்றியுரையில் வில்கின்ஸ், ஃபிராங்க்ளின் ஆகியோரின் வெளியிடப்படாத முடிவுகளின் ‘பொதுத் தன்மை’ தங்களைத் தூண்டியதாக ஒரு வரி வருகிறது.

நடந்தது வேறு. 1952 மே மாதம் ஃபிராங்க்ளினின் வழிகாட்டலில் ரேமண்ட் காஸ்லிங் எடுத்த எக்ஸ்ரே படத்தை, 1953 ஜனவரியில் ஃபிராங்க்ளின் அறியாமலேயே மாரிஸ் வில்கின்ஸ் வாட்சனுக்குக் காட்டினார். பிப்ரவரியில், மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்திற்கு கிங்ஸ் கல்லூரி அளித்திருந்த அறிக்கை மாக்ஸ் பெரூட்ஸ் வழியாகக் கேம்பிரிட்ஜ் குழுவின் கைக்கு வந்தது. அதில் ஃபிராங்க்ளினின் அளவுகளும் படிகத்தின் சமச்சீர் வகையும் இருந்தன. அந்தச் சமச்சீரிலிருந்து இரு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன என்பதைக் கிரிக் உணர்ந்தார். ‘பொதுத் தன்மை’ என்ற சொல்லுக்குள் அடங்கக்கூடியவை அல்ல இவை.

‘நேச்சர்’ இதழின் பக்க வரிசையும் இதில் ஒரு வாக்கியத்தைப்போல் செயல்படுகிறது. வாட்சன்–கிரிக் கட்டுரை முதலில், வில்கின்ஸ் குழுவின் கட்டுரை இரண்டாவது, ஃபிராங்க்ளின்–காஸ்லிங் கட்டுரை மூன்றாவது. கருதுகோள் முன்னால் வந்து தரவு பின்னால் வரும்போது, தரவு கருதுகோளின் ஆதாரமாக அல்ல, அதை உறுதிசெய்யும் பின்சான்றாகத் தோன்றுகிறது. மூன்றாம் கட்டுரையின் தட்டச்சுப் பிரதி மார்ச் 17 நாளிட்டது. அது கேம்பிரிட்ஜ் அமைப்பைப் பார்த்து எழுதப்பட்டதல்ல. அச்சில் வந்தபோது, தங்கள் கருத்துகள் அந்த அமைப்புடன் முரண்படவில்லை என்ற வரி அதில் இருந்தது. மெடவார் விரும்பிய வரிசையே இங்கு மறைப்பாகவும் ஆனது. கருதுகோளை முன்வைப்பது எண்ணத்தின் வழியை நேர்மையாகக் காட்டலாம், கடனை நேர்மையாகக் காட்ட அது போதாது.

நினைவுநூலை நம்பும் பிழை

இந்த விடுபடல்களைக் கண்ட மாணவர் அடுத்து நாடுவது வாட்சனின் ‘இரட்டைச் சுருள்’ நூலை. கிரிக்கும் வில்கின்ஸும் எதிர்ப்புத் தெரிவித்ததால் ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகம் கைவிட்டு, 1968-இல் வேறொரு பதிப்பகம் வெளியிட்ட நூல் அது. கட்டுரை மறைத்ததை நினைவுநூல் சொல்லிவிடுகிறது என்ற எண்ணம் எளிதில் உருவாகும். படத்தைப் பார்த்த கணத்தின் பரவசம், போட்டி, வதந்தி எல்லாம் அதில் உண்டு. மெடவாரே அதைப் பாராட்டி மதிப்புரை எழுதினார்.

ஆனால் அந்நூலும் ஒரு வடிவத்திற்குக் கட்டுப்பட்டது. அதற்கு ஒரு நாயகன் வேண்டும், ஒரு தடை வேண்டும், ஒரு திருப்பம் வேண்டும். தடையின் இடத்தில் ‘ரோசி’ என்ற பாத்திரமாக ஃபிராங்க்ளின் வைக்கப்பட்டார். அவர் 1958-இல் 37 வயதில் இறந்துவிட்டதால் மறுமொழி சொல்ல முடியவில்லை. அவருடைய தோழி ஆன் சாயர் 1975-இல் எழுதிய வாழ்க்கை வரலாறு அந்தச் சித்திரத்தை மறுத்தது. 2023-இல் மாத்யூ காப், நதானியேல் கம்ஃபர்ட் இருவரும் ஆவணங்களின் அடிப்படையில் ‘நேச்சர்’ இதழில் வேறொரு கோணத்தை முன்வைத்தனர். ஒற்றைப் படத்தைப் பார்த்த கணமே எல்லாவற்றையும் தீர்த்தது என்பது நாடகமாக்கல், ஃபிராங்க்ளின் வெறும் பாதிக்கப்பட்டவர் அல்ல, நால்வருள் சமமான பங்களிப்பாளர் என்பது அவர்கள் வாதம்.

குந்தர் ஸ்டென்ட் பதிப்பித்து 1980-இல் வந்த நார்ட்டன் விமர்சனப் பதிப்பு, நினைவுநூலையும் மூலக்கட்டுரைகளையும் மதிப்புரைகளையும் ஒரே தொகுப்பில் தருகிறது. இவ்வகுப்பிற்கு மிகப் பொருத்தமான தொகுப்பு அது. ஆனால் அதில் நினைவுநூல் முன்னாலும் கட்டுரைகள் பின்னாலும் வருகின்றன. கதையைப் படித்துவிட்டுக் கட்டுரைக்கு வரும் மாணவர், அதில் கதைக்கான தடயங்களையே தேடுவார். வகுப்பு இந்த வரிசையைத் தலைகீழாக்குவது நல்லது.

எழுத்துப் பயிற்சி

வாசிப்பின் குறை எழுத்துப் பயிற்சியிலும் தொடர்கிறது. ஜார்ஜ் கோப்பனும் ஜூடித் ஸ்வானும் 1990-இல் ‘அமெரிக்கன் சயன்டிஸ்ட்’ இதழில் எழுதிய கட்டுரை இத்துறையின் செல்வாக்குமிக்க வழிகாட்டிகளுள் ஒன்று. வாசகர் வாக்கியத்தின் எந்த இடத்தில் எதை எதிர்பார்க்கிறார் என்று அது தெளிவாகக் காட்டுகிறது. மாணவர்கள் அதன்வழி முன்னுரையையும் விவாதத்தையும் திருத்தி எழுதப் பழகுகிறார்கள். நன்றியுரையையோ மேற்கோள் வாக்கியத்தையோ எடுத்துக்கொண்டு, அது பெற்றதன் அளவுக்குப் பொருந்துகிறதா என்று திருத்தி எழுதும் பயிற்சி அரிது. மேற்கோள் என்பது பட்டியலின் வடிவ ஒழுங்காகவும், களவைத் தவிர்க்கும் விதியாகவும் மட்டுமே கற்பிக்கப்படுகிறது.

1953-ஆம் ஆண்டுக் கட்டுரையில் களவு இல்லை. சொற்கள் எதுவும் திருடப்படவில்லை, பெயர்கள் குறிப்பிடப்பட்டுள்ளன, மேற்கோள் விதி மீறப்படவில்லை. அப்படியிருந்தும் ஒருவரின் உழைப்பு ‘தூண்டுதல்’ என்ற சொல்லாகச் சுருங்கியது. விதியைக் கடைப்பிடித்தும் கடனைக் குறைத்துச் சொல்ல முடியும் என்பதை மாணவர் உணர இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம். அந்த நன்றியுரையை, இன்று அறியப்பட்ட உண்மைகளைக் கொண்டு மூன்று வாக்கியங்களில் மீண்டும் எழுதச் சொல்லலாம். அந்த மூன்று வாக்கியங்களில் எந்த வினைச்சொல்லை இடுவது என்று மாணவர் திணறும் இடத்தில்தான் இவ்வகுப்பின் பாடம் தொடங்குகிறது. ‘பார்த்தோம்’ என்பதா, ‘காட்டப்பட்டது’ என்பதா, ‘பயன்படுத்தினோம்’ என்பதா? ஒவ்வொன்றும் வேறொரு பொறுப்பை ஏற்கிறது.

மதிப்பீடு

அறிவியல் கட்டுரை வாசிப்பு வகுப்பின் முதன்மையான சாதனை, கட்டுரை மனிதர்களால் எழுதப்பட்டது என்பதை மாணவருக்குக் காட்டியது. அதன் ஆபத்து, அந்த அறிவு வெறும் சந்தேகமாகத் தேங்கிவிடுவது. எல்லாக் கட்டுரைகளும் எதையோ மறைக்கின்றன என்று முடிவுகட்டிய மாணவர், வாசிப்பதை நிறுத்திவிடுகிறார். எல்லாவற்றையும் நம்புபவரும் எதையும் நம்பாதவரும் ஒரே அளவுக்குத்தான் கட்டுரையைப் புரட்டுகிறார்கள்.

ஃபிராங்க்ளினின் பங்கு மீட்கப்பட்டதும் வாசிப்பால்தான். மூன்று கட்டுரைகளும் அடுத்தடுத்த பக்கங்களில் அச்சானதால் அவற்றை ஒப்பிட முடிந்தது. தட்டச்சுப் பிரதியில் நாள் இருந்தது, அறிக்கை பாதுகாக்கப்பட்டது, ஆய்வகக் குறிப்பேடுகள் எஞ்சின. கட்டுரை மறைத்ததைக் கட்டுரையைச் சுற்றியிருந்த தாள்கள் காப்பாற்றின. 1962-இல் வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டபோது ஃபிராங்க்ளின் உயிருடன் இல்லை. அவருக்குரிய இடம் பரிசுப் பட்டியலில் கிடைக்கவில்லை, நன்றியுரையின் ஒரு சொல்லை ஏற்க மறுத்த வாசகர்கள் வழியாகக் கிடைத்தது.

தரவை வாசிக்கும் வகுப்பும் குரலை வாசிக்கும் வகுப்பும் சந்திக்க வேண்டிய இடம் அந்தச் சொல்தான். இளநிலை மாணவர் பின்னாளில் ஆய்வாளர் ஆனாலும் ஆகாவிட்டாலும், பிறர் உழைப்பின் மீது நின்று எழுதப்போகிறவர். பெற்றதைப் பெற்ற அளவுக்கே சொல்லும் ஒரு வாக்கியத்தை எழுதக் கற்பிப்பது, நான்கு பகுதிக் கட்டமைப்பைக் கற்பிப்பதைவிடக் கடினமானது. இவ்வகுப்பின் அடுத்த கட்டம் அந்தக் கடினமான பாடத்தை நன்றியுரையின் ஓரத்திலிருந்து மேசையின் நடுவுக்குக் கொண்டுவருவதாக இருக்க வேண்டும்.